64 பேர் பெயர் இருக்கும் நோட்டு: திருநெல்வேலிக் கல்யாணச் சமையல்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி டவுனிலும் சுற்றுவட்டாரத்திலும் கல்யாணச் சமையல் செய்யும் அண்ணாச்சிமாருக்கும் தம்பிமாருக்கும், காய் நறுக்கவும் பாத்திரம் தேய்க்கவும் கூட வரும் அக்காமாருக்கும்:

போன வைகாசி முகூர்த்தத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நான் அன்றைக்குப் பெண் வீட்டுக்காரன். விடிகாலை நாலு மணிக்கு, மண்டபத்தின் பின்கட்டில் சோறு வடிக்கும்போது அண்டா சரிந்து, கொதிகஞ்சி ஒரு தம்பியின் இரண்டு காலிலும் முழங்கால் வரை கொட்டியது. சத்தம் கேட்டு நான் ஓடிவருவதற்குள் ஒருவர் அவனைத் தூக்கித் தண்ணீர்க் குழாயடியில் உட்கார வைத்துவிட்டார். இன்னொருவர் ஆட்டோவுக்கு ஓடினார். மற்றவர்கள் அடுப்பை விட்டு நகரவில்லை. ஏழரை மணிப் பந்திக்கு இலை போட்டபோது சாப்பிட உட்கார்ந்த யாருக்கும் பின்கட்டில் என்ன நடந்தது என்று தெரியாது.

அன்று சாயங்காலத்துக்குள் அந்தத் தம்பியின் மனைவி கையில் 18,000 ரூபாய் இருந்தது. கல்யாண வீட்டில் கொடுத்தது தனி. இந்த 18,000 உங்கள் நிதி நோட்டிலிருந்து வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரிய மாஸ்டர் அந்த நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். நீளவாக்கில் தைத்த பேரேட்டு நோட்டு. மேலே பிள்ளையார் சுழி. பக்க ஓரமெல்லாம் மஞ்சள் விரல் ரேகை. ஒவ்வொரு பெயருக்கு நேரே மாதம் 100 ரூபாய் வரவு. பதினோரு வருஷமாக, கல்யாணம் முடிந்து சம்பளம் பிரிக்கிற இடத்திலேயே வசூலித்து எழுதிய கணக்கு அது. ஒரு பக்கத்திலும் அடித்தல் திருத்தல் இல்லை.

ஆனிக் கூட்டத்துக்கு நீங்கள் என்னைக் கூப்பிட்டது, முப்பது வருஷத்துக்கு மேல் ஆவண எழுத்தர் ஒருவரிடம் எழுத்து வேலை பார்த்தவன் என்பதால். இந்த நிதியைச் சட்டப்படி சங்கமாகப் பதிவு செய்யலாமா என்று கேட்டீர்கள். பாதிப்பேர் வேண்டும் என்றீர்கள், பாதிப்பேர் வேண்டாம் என்றீர்கள். வேலைக்குப் போயிருந்ததால் இருபது பேருக்கு மேல் வரவேயில்லை. அதனால்தான் என் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். பதிவு செய்யுங்கள், இந்த ஆடிக்குள் செய்யுங்கள் என்பதுதான் என் பதில்.

அன்றைக்கு ஒரு அண்ணாச்சி சொன்ன வார்த்தையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். "மாஸ்டர் மேல நம்பிக்கை இல்லாமலா காகிதம் கேக்கிய?" என்று அவர் கேட்டபோது கூட்டமே அமைதியாகிவிட்டது. மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் இதே கேள்வி சின்ன வயதில் எங்கள் வீட்டுத் திண்ணையில் என் காதில் விழுந்திருக்கிறது.

என் அப்பா அச்சகத்தில் கம்பாசிட்டர். நாற்பது பேர் சேர்ந்து மாதம் இரண்டு ரூபாய் போட்டு ஒரு நிதி வைத்திருந்தார்கள். பணம் பொருளாளர் பெயரில் சேமிப்புக் கணக்கில் இருந்தது. தங்கமான மனிதர், டீக்குக்கூட அந்தப் பணத்தைத் தொடமாட்டார். ஒருநாள் ராத்திரி நெஞ்சுவலி வந்து போய்விட்டார். பாஸ்புக்கில் அவர் பெயர், நியமனதாரர் என்ற இடத்தில் அவர் மனைவி பெயர். அது நாற்பது பேர் காசு என்பதற்கு ஒரு நோட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை. வெளியூரிலிருந்து வந்த மகனுக்கு அந்த நோட்டின் கதையே தெரியாது. அவனைக் குற்றம் சொல்ல இன்றைக்கும் எனக்கு மனம் வரவில்லை. அவன் அப்பா பெயரில் இருந்த பணம், அவன் அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள், கடனை அடைத்தார்கள். அடுத்த மாதம் மெஷின்மேன் ஒருவர் இறந்து, அவர் மனைவி கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, என் அப்பாவிடம் சட்டைப்பையில் இருந்த பதினேழு ரூபாயைத் தவிரக் கொடுக்க எதுவும் இல்லை. வழக்குப் போடலாம் என்றார் ஒரு வக்கீல். யார் போடுவது? பதிவில்லாத கூட்டத்துக்குச் சட்டத்தின் கண்ணில் ஆள் என்ற நிலையே கிடையாது. எல்லோருக்குமாகச் சிலர் வழக்காட வேண்டுமென்றால் அதற்கே கோர்ட்டில் தனியாக அனுமதி வாங்க வேண்டும். நாற்பது பேரும் வேலையை விட்டுவிட்டு அலைய முடியாமல் விட்டுவிட்டார்கள்.

ஆகவே அண்ணாச்சி, இது மாஸ்டர் மேல் சந்தேகப்பட்டுக் கேட்கிற காகிதம் இல்லை. நாளைக்கு அவருக்கு ஒன்று ஆகிவிட்டால், பதினோரு வருஷம் அவர் கட்டிக்காத்த பேருக்குக் களங்கம் வராமல் இருக்கக் கேட்கிற காகிதம். இன்றைக்கு உங்கள் பணம் அவருடைய சொந்தக் கணக்கில் இருக்கிறது. அந்தச் சுமையை அவர் தோளிலிருந்து இறக்கி வைக்க வேண்டியது உங்கள் கடமை.

இதெல்லாம் இப்போது புதிதாக வந்த யோசனையும் இல்லை. இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டிலேயே நெசவாளர்களும் தச்சர்களும் இப்படிச் சாவுக்கும் சீக்குக்கும் காசு சேர்த்தார்கள். சத்திரத்தில் கூடுவார்கள். நடுவில் ஒரு மரப்பெட்டி, அதற்கு மூன்று பூட்டு, மூன்று சாவியும் மூன்று பேரிடம் இருக்கும். மூவரும் வந்தால்தான் பெட்டி திறக்கும். அப்படியும் பணத்தோடு போனவர்கள் உண்டு. 1793இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் இந்தச் சங்கங்களைப் பதிவுசெய்ய ஒரு சட்டம் போட்டது. பதிவான சங்கம் பணத்தை எடுத்தவன் மேல் வழக்குப் போட முடிந்தது. பெட்டிக்குப் போட்ட மூன்று பூட்டுக்கு இன்றைய பெயர் கூட்டுக் கணக்கு. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் வங்கியில் பணம் எடுக்க முடியும் என்று நீங்களும் தீர்மானம் போடலாம்.

நம் ஊர் உதாரணமும் இருக்கிறது. 1918இல் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. கூட நின்றவர். கதவடைப்புச் சமயத்தில் ஆலை நிர்வாகம் வாடியா மேலும் சங்கத்துக்காரர்கள் மேலும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடையாணை வாங்கியது. சங்கத்துக்கென்று அப்போது சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லை. அந்த அனுபவம்தான் 1926 தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிவிட்டது. உறுப்பினர் இறந்தாலோ, விபத்தில் சிக்கினாலோ, நோயில் விழுந்தாலோ சங்கப் பணத்திலிருந்து உதவலாம் என்று அந்தச் சட்டமே எழுதி வைத்தது. உங்களுக்கு நிரந்தர முதலாளி கிடையாது, முகூர்த்தத்துக்கு ஒரு வீடு. எனவே தொழிற்சங்கத்தைவிட நலச் சங்கமே உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

அதற்கான சட்டம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. குறைந்தது ஏழு பேர் இருந்தால் பதிவு செய்யலாம். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நடக்கிற காரியம். சங்கத்தின் பெயர், முகவரி, நோக்கம், நிர்வாகிகள் யார் என்று சொல்லும் ஒரு பத்திரமும், சங்கம் எப்படி நடக்கும் என்று சொல்லும் பைலாவும் வேண்டும். அவ்வளவுதான் அடிப்படை. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். உறுப்பினர் எண்ணிக்கை 20 ஆகிவிட்டாலோ, வருஷ வரவோ செலவோ 10,000 ரூபாயைத் தொட்டாலோ பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். நீங்கள் 64 பேர். செய்யலாமா என்று நீங்கள் கேட்கிற காலம் எப்போதோ முடிந்துவிட்டது.

பதிவு பண்ணினால் அரசாங்கம் பணத்தை எடுத்துக்கொள்ளும் என்று ஒரு தம்பி பயந்தான். எடுத்துக்கொள்ளாது. வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி, வரவு செலவைத் தணிக்கை செய்து, நிர்வாகிகள் பட்டியலோடு பதிவாளருக்கு அனுப்பச் சொல்லும். அதைச் செய்யாமல் விட்டுத்தான் நிறையச் சங்கங்கள் பெயரளவில் கிடக்கின்றன. மூன்று, நாலு வருஷம் தாக்கல் செய்யாமல் விட்டுவிட்டு, வங்கியில் கையெழுத்தை மாற்றப் போகும்போது புதிய நிர்வாகிகளுக்குச் சான்று இல்லாமல் அல்லாடியவர்களை என் மேஜைக்கு முன்னால் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நிர்வாகிகள் பதவிக்காலம் மூன்று வருஷத்துக்கு மேல் போகக்கூடாது. தேர்தலை ஒரு மார்கழியில் வைத்துக்கொண்டால் எல்லோரும் ஊரில் இருப்பீர்கள்.

பைலாதான் முக்கியம். அதைத்தான் எல்லோரும் கடையில் விற்கிற மாதிரிப் படிவத்தைப் பார்த்து அப்படியே காப்பி அடிக்கிறார்கள். அந்தப் படிவத்தில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: தொடர்ந்து மூன்று மாதம் சந்தா கட்டாதவர் உறுப்பினர் தகுதியை இழப்பார். மாதச் சம்பளக்காரருக்கு அது சரி. உங்களுக்கு? ஆடியில் கல்யாணம் கிடையாது, ஊர்ப்பக்கம் கோயில் கொடை இருந்தால்தான் அடுப்பு எரியும். புரட்டாசியில் வேலை குறைவு. மார்கழியில் அறவே இல்லை. ஆனி கடைசியில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போய் ஆவணியிலும் வேலைக்குப் போகவில்லை என்றால், புரட்டாசியில் அவர் உறுப்பினரே இல்லை என்றாகிவிடும். எந்த மனிதனுக்கு உதவ வேண்டுமென்று சங்கம் வைத்தீர்களோ, அவனையே அந்த வரி வெளியே தள்ளிவிடும். ஆகவே சந்தாவை மாதக் கணக்கில் வைக்காதீர்கள். வருஷத்துக்கு 1,000 ரூபாய், முகூர்த்த மாதங்களில் வசதிப்படி கட்டலாம், தை முதல் தேதி கணக்கு முடிக்கப்படும் என்று எழுதுங்கள். நீக்குவதற்கு முன் நேரில் ஆள் அனுப்பி விசாரிக்க வேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள். இந்த ஒரு விதிக்காக ஒரு கூட்டம் முழுவதையும் செலவழித்தாலும் தகும்.

அடுத்தது உதவித்தொகை. ஆனிக் கூட்டத்தில் உற்சாகத்தில், உறுப்பினர் இறந்தால் 25,000 ரூபாய் தருவோம் என்று பைலாவில் எழுதலாம் என்றீர்கள். ஆளுக்கு வருஷம் 1,000 என்றால் 64 பேருக்கு 64,000. ஒரு வருஷத்தில் இரண்டு சாவு, வைகாசியில் நடந்ததுபோல ஒரு விபத்து. 68,000 வேண்டும். வந்ததைவிட 4,000 அதிகம். உங்களில் பாதிப்பேருக்கு இன்று ஐம்பது வயது தாண்டிவிட்டது, இன்னும் பத்து வருஷத்தில் இந்தக் கணக்கு இன்னும் இறுகும். அந்த மூன்று பூட்டுச் சங்கங்களில் பலவும் நொடித்தது இதனால்தான். எல்லோருக்கும் ஒரே சந்தா, சேர்ந்த காலத்தில் எல்லோரும் இளவட்டம், கொடுப்பதாகச் சொன்னதோ பெரிய தொகை. ஆட்களுக்கு வயதானபோது பெட்டி காலி. அதைப் பார்த்து இளம் பிள்ளைகள் சேரவே இல்லை.

கணக்கு மட்டும் இல்லை, சட்டமும் குறுக்கே நிற்கும். இவ்வளவு கட்டினால் இறந்தபின் இவ்வளவு நிச்சயம் என்று உறுதி கொடுப்பது காப்பீடு. 1938 காப்பீட்டுச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் யாரும் அந்தத் தொழில் செய்யக்கூடாது. அதனால் பைலாவில் தொகையைக் குறித்து வாக்குக் கொடுக்காதீர்கள். நிதியின் நிலைமையைப் பார்த்து நிர்வாகக்குழு முடிவு செய்யும் அளவில் குடும்பத்துக்கு உதவி வழங்கலாம் என்று எழுதுங்கள். வருஷ வரவில் நாலில் ஒரு பங்கை எடுக்காமல் வைப்புநிதியில் போடுங்கள். வாக்கியத்தை ஒரு வக்கீலிடம் காட்டி முடிவு செய்துகொள்ளுங்கள், அதற்கு ஆகும் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

ஆடியில் வட்டிக்கு வாங்கித்தான் வீடு ஓடுகிறது, நம் நிதியிலிருந்தே கடன் கொடுத்தால் என்ன என்று பாத்திரம் தேய்க்கும் அக்கா ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, கேட்டவரின் கண்ணில் நீர் நின்றது. ஆனால் இந்தச் சங்கத்தின் வழியாக அதைச் செய்யாதீர்கள். சீட்டு நடத்துவதற்கு 1982ஆம் வருஷத்துச் சட்டம் தனியாக இருக்கிறது. ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்ய 2019இல் இன்னொரு சட்டம் வந்திருக்கிறது. தீபாவளிச் சீட்டில் ஏமாந்தவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள், அதனால் அதிகாரிகள் இதில் கண்டிப்பாக இருக்கிறார்கள், இருக்கவும் வேண்டும். கடன் வேண்டுமென்றால் அதற்கான வழி கூட்டுறவுச் சங்கம். இந்தியாவில் கூட்டுறவுச் சட்டம் வந்த 1904லேயே நம் திருவள்ளூர்ப் பக்கத்துத் திரூரில் கடன் சங்கம் தொடங்கிவிட்டார்கள். முதலில் இந்த நலச் சங்கம் இரண்டு வருஷம் ஒழுங்காக நடக்கட்டும். கணக்கு எழுதவும் கூட்டம் நடத்தவும் பழகியபின் கூட்டுறவைப் பற்றி உட்கார்ந்து பேசுவோம். அதுவரை, ஆடியில் அரிசி பருப்பாக உதவி செய்ய ஒரு சிறு தொகையை ஒதுக்கலாம், அதைத் திருப்பிக் கேட்க வேண்டாம்.

இப்போது அந்த அக்காவைப் பற்றியே சொல்ல வேண்டும். அவர் பெயர் நோட்டில் இல்லை. நான் நோட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன், 64 பேரும் ஆண்கள். 1,000 பேர் கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானத்திலிருந்து பூசணியும் வாழைக்காயும் நறுக்கி, மறுவீட்டுச் சொதிக்குத் தேங்காய் துருவி, பால் பிழிந்து கொடுத்து, எல்லோரும் சாப்பிட்டுப் போனபின் அண்டா தேய்க்கிற கைகள் அவர்களுடையவை. வைகாசியில் அந்தத் தம்பியின் காலில் ஒட்டிக்கொண்ட துணியைக் கத்தரியால் வெட்டி எடுத்ததும் ஒரு அக்காதான். கூலி குறைவு, அதனால் சந்தா கட்ட முடியாது என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. அப்படியானால் அவர்களுக்குச் சந்தாவைப் பாதியாக வையுங்கள், உதவியைக் குறைக்காதீர்கள். பைலாவில் உறுப்பினர் தகுதி என்ற இடத்தில் 'சமையல் தொழில் செய்வோர்' என்று மட்டும் போட்டால் நாளைக்கு யாராவது அவர்களைச் சேர்க்க மறுப்பார்கள். 'சமையல், காய் நறுக்குதல், பரிமாறுதல், பாத்திரம் கழுவுதல் ஆகிய வேலை செய்யும் ஆண், பெண் அனைவரும்' என்று விரித்து எழுதுங்கள். நிர்வாகக்குழுவில் இரண்டு இடம் அவர்களுக்கென்று விதியிலேயே இருக்கட்டும். இப்போது எழுதாமல் விட்டால் பிறகு சேர்ப்பது கஷ்டம். விதியை மாற்ற, கூட்டத்துக்கு வந்தவர்களில் நாலில் மூன்று பங்குப் பேர் சம்மதிக்க வேண்டும்.

பெயர் வைப்பதற்கும் ஒரு வார்த்தை. சாதிப் பெயர் வேண்டாம். தவசிப்பிள்ளை என்று நம் பக்கத்தில் பெருமையாகச் சொல்வோம், எனக்கும் பிடித்த சொல்தான், ஆனால் அது எல்லோரையும் குறிக்காது. ஏற்கெனவே பதிவான சங்கத்தின் பெயரையோ, அரசு அமைப்பு என்று நினைக்க வைக்கும் பெயரையோ பதிவாளர் ஏற்கமாட்டார். ஊர்ப்பெயரோடு 'கல்யாணச் சமையல் தொழிலாளர் நலச் சங்கம்' என்றால் போதும், அந்தப் பெயரில் வேறொன்று இல்லையென்று பார்த்துக்கொள்வோம்.

பதிவுச் சான்று வந்ததும் சங்கத்தின் பெயரில் பான் அட்டை, பிறகு வங்கிக் கணக்கு. உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் உதவப் போடும் சந்தா வேறு, வங்கி வட்டி வேறு. வட்டிக்கு வரி உண்டு என்று 2013இல் உச்ச நீதிமன்றம் ஒரு கிளப் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆகவே வட்டியைத் தனிப் பத்தியில் எழுதி வையுங்கள், தணிக்கையாளர் பார்த்துக்கொள்வார். லாபம் என்று எதையும் பங்கு பிரிக்கக்கூடாது, தீபாவளிக்கு ஆளுக்கு 500 என்று பிரித்துக்கொள்ளவும் கூடாது. சந்தா வாங்கும்போதெல்லாம் அச்சடித்த ரசீது கொடுங்கள், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கொடுங்கள். வீட்டில் பிள்ளைகள் படிப்பார்கள்.

ஆடி முதல் ஞாயிறு யாருக்கும் வேலை இருக்காது. சந்திப் பிள்ளையார் முக்குப் பக்கத்தில் நீங்கள் வழக்கமாகக் கூடும் இடத்திலேயே காலை பத்து மணிக்குக் கூடுவோம். முதலில் கையெழுத்துப் போடும் ஏழு பேரும் ஆதார் நகலும் போட்டோவும் கொண்டுவாருங்கள். ஏழில் இரண்டு பேராவது அக்காமாராக இருக்கட்டும். வைகாசியில் கால் வெந்த தம்பி இப்போது கோல் ஊன்றி நடக்கிறான், அவனையும் யாராவது வண்டியில் கூட்டிவாருங்கள். மினிட் புத்தகமும் பேனாவும் என் செலவு.

மாஸ்டர், நீங்கள் அந்த நோட்டைக் கொண்டுவாருங்கள். முதல் தீர்மானத்தை எழுதி வைத்திருக்கிறேன். பதினோரு வருஷ வரவு செலவைக் கூட்டத்தில் வரி வரியாக வாசித்து, அது சரியென்று எல்லோரும் கையெழுத்துப் போட்டு, இருப்புத் தொகையைச் சங்கம் உங்களிடமிருந்து நன்றியோடு பெற்றுக்கொள்கிறது என்பது அந்தத் தீர்மானம். அதைப் படிக்கும்போது நீங்கள் தலை நிமிர்ந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அன்புடன்,
அன்றைக்குப் பெண் வீட்டுக்காரனாக வந்தவன்